முதலில் வந்தவருக்கு நடும் கல்: பிடிமண், பெயரேடு, மலையக நடைபயணம்

மேலூரிலிருந்து கொட்டாம்பட்டி வழியாகத் துவரங்குறிச்சிக்குப் போகும் சாலையின் இருபுறத்துக் கண்மாய்க்கரைகளில் குலதெய்வக் கோயில்கள் பல உண்டு. கோயில் என்று சொன்னாலும் பெரும்பாலும் ஒரு பீடம், ஓர் அரிவாள், முந்தைய புரவி எடுப்பு விழாக்களில் வைத்துப் போன மண்குதிரைகளின் உடைந்த கால்கள், அவ்வளவுதான். சாமியின் கதையைக் கேட்டால் பங்காளிகள் பல இடங்களில் ஓர் இடப்பெயர்ச்சியைத்தான் சொல்வார்கள். இன்ன ஊரில் பஞ்சம் வந்தது, அல்லது பகை வந்தது. பாட்டன் அங்கிருந்து பிடிமண் எடுத்துவந்து இங்கே வைத்தான். அன்றிலிருந்து நாம் இந்த ஊர். முதலில் வந்து குடியேறியவருக்கு வழித்தோன்றல்கள் நினைவிடம் எழுப்பும் வழக்கத்தைக் கடல் கடந்த தமிழரின் புதுப் பழக்கமாகப் பார்ப்பவர்கள் இந்தப் பீடங்களை மறந்துவிடுகிறார்கள்.

மூதாதைக்கு எழும் நினைவிடத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது சந்ததியின் பக்தியோ பணமோ அல்ல. அவர் வந்ததை யார், எதில், எப்படிப் பதிந்து வைத்தார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது; இதுவே இக்கட்டுரையின் வாதம். பதிவு இருந்தால் நினைவு குடும்பத்தின் பெயரில் நிற்கிறது. இல்லாதபோது அது ஒரு தெய்வமாகிறது, அல்லது ஒரு பாதையாகிறது. இலங்கை மலையகத் தமிழர் 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தை இந்தக் கோணத்தில் படித்தால்தான் அதன் பொருள் முழுதாகத் தெரியும்.

பிடிமண்ணிலிருந்து தொடங்கலாம். மூலக்கோயிலின் மண்ணை ஒரு பிடி எடுத்துவந்து புது இடத்தில் வைத்துப் பீடம் கட்டுவது இதன் சுருக்கம். இதே வட்டாரத்தில் புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊரார் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் அவர் குதிரை செய்யத் தொடங்குவார். இரண்டிலும் மண்தான் ஒப்பந்தம். ஆனால் அந்த ஒப்பந்தம் காலத்தில் நிலைக்க இன்னொன்று வேண்டும்: தலைக்கட்டு வரி. திருவிழாவுக்கு எந்தெந்தத் தலைக்கட்டிடம் வரி வாங்குகிறார்கள் என்பதே யார் பங்காளி என்பதற்குச் சான்று. வெளியூரில் பிழைக்கும் மகனின் வரியையும் தகப்பன் விடாமல் கட்டுவது இதனால்தான். வரி கட்டாதவனுக்குக் கோபத்தில் அபராதம் போடலாம். வரி வாங்க மறுப்பதுதான் தண்டனை. ஆக, பீடத்தில் இருப்பவர் மூதாதை என்றாலும், ஆண்டுதோறும் அங்கே நிலைநாட்டப்படுவது உயிரோடிருப்பவர்களின் உரிமை. பீடத்தில் பெயர் பொறிக்க வேண்டியதில்லை. பெயர்கள் வரி நோட்டில் இருக்கின்றன.

கடலுக்கு அப்பால் போனவர்களில் ஒரு சாராருக்கு வேறு வகை நோட்டு இருந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்; எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடலிலுள்ள அடையாளக் குறிகள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய தழும்பும் மச்சமும் இன்று கொள்ளுப்பேரனுக்கு வம்சாவளி ஆதாரம். மொரிஷியசிலும் இதே நிலைதான். 1834-இல் தொடங்கிய ஒப்பந்தக் குடியேற்றத்தின் பதிவேடுகளை மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாக்கிறது. போர்ட் லூயியில் அவர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே ஒரு குடும்பம் தன் முதல் மூதாதையின் எண்ணையே கேட்டு வாங்கலாம். கண்காணிக்க எழுதிய ஏடு சந்ததிக்குச் சொத்தான இந்த விநோதத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அது சொத்துதான்.

வணிகராகப் போனவர்களுக்கு இந்த ஏடும் தேவைப்படவில்லை. 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளைக்கு 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலே பெயர்ப்பலகை.

இலங்கைக்குப் போனவர்கள் இந்த மூன்று வகையிலும் அடங்கவில்லை. 1820-களில் காப்பித் தோட்டங்களோடு தொடங்கிய அந்த இடப்பெயர்ச்சி திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளின் புன்செய்க் கிராமங்களிலிருந்து கங்காணிகள் வழியே நடந்தது. நேட்டால் போன்ற ஒப்பந்தம் கிடையாது, பயணிகள் பட்டியல் கிடையாது. தன் உறவையும் ஊர்க்காரர்களையும் திரட்டிக் கடற்கரைக்கு நடத்திவந்து, தோணியில் மன்னார்ப் பக்கம் இறக்கி, காட்டுவழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடத்திச் செல்வது கங்காணியின் வேலை. காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். தோட்டத்தில் எழுதப்பட்டது கடன்தான். ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரையிடம் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்த முறை 1921-இல்தான் தடை செய்யப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களின் கழுத்தில் எண் பொறித்த தகரவில்லை தொங்கியது. அதுவும் தோட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய சரக்கின் விலாசம்தான். தேயிலைக்கு அடியில் உரமானவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை என்ற ஆதங்கம் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்தில் திரும்பத் திரும்ப வருவது வெறும் கவிமனத்தின் சோகமன்று. கல்லில் எழுதப் பெயர் வேண்டுமே.

பெயர் கிடைக்காத இடத்தில் பழைய முறை தலைதூக்கியது. மாரியம்மனையும் முனியையும் மதுரை வீரனையும் கொண்டுவந்தவர்கள் புதிய சாமிகளையும் உண்டாக்கினார்கள்: தேயிலை ஆலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி, செடி வெட்டும் பருவத்துக்குக் கவ்வாத்துச்சாமி. கொட்டாம்பட்டிக் கண்மாய்க்கரைப் பீடம் செய்யும் வேலையில் பாதியை இவை செய்தன. இடத்தைச் சொந்தமாக்கின, உரிமையைச் சொந்தமாக்கவில்லை. தோட்டத்து வரிசைவீடான லயத்தில் அதன் அறையான காம்பராவிலிருந்து ஒரு குடும்பத்தை வெளியேற்றத் தோட்ட நிர்வாகம் நினைத்தால், ரோதைமுனியின் பீடம் அதைத் தடுக்காது.

தடுக்கக்கூடிய காகிதத்தைத்தான் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டது. இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும் தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டத்தில் பூட்டன் பிறந்ததற்குச் சான்றைக் கேட்டார்கள். அடுத்த ஆண்டுச் சட்டம் தொடர்ச்சியாக வசித்ததற்கு ஆதாரம் கேட்டது. இடையில் ஊருக்குப் போய்வந்தவர்கள் தடுமாறினார்கள். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை மொத்தக் கணக்காகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பிறகு. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை முடிய 2003-இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூதாதையை ஆவணமாகக் கொண்டுவா என்று ஓர் அரசு கேட்டு, கொண்டுவர முடியாதவர்களை நாடற்றவர்களாக்கிய வரலாறு இது.

2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் குடிமக்கள் அமைப்புகள் கூடித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பாட்டனின் பெயர் தெரியாது, அவர் நடந்த பாதை தெரியும். ஆகவே பாதையே நினைவுச்சின்னம். கோரிக்கைகளும் அதற்கேற்பவே இருந்தன: தங்கள் உழைப்புக்கும் வரலாற்றுக்கும் அங்கீகாரம், காணி உரிமை, வீடு, வாழப் போதுமான ஊதியம். வரி நோட்டில் இடம் கேட்கும் பங்காளியின் குரல்தான் இது; கேட்கும் இடம்தான் கோயிலிலிருந்து அரசுக்கு மாறியிருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. காப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869-க்குப் பிறகு இலைநோயால் காப்பி அழிந்து, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை வந்தபோதுதான் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. அப்படியானால் நடைபயணம் 200 ஆண்டு என்ற கணக்கில் போற்றும் முதல் கூட்டம் இன்றைய மலையகத்தாரில் பலருக்கு நேரடி முன்னோரே அல்ல. மேலும் அந்தக் கணக்கு கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்ற துரை தொடங்கிய காப்பித் தோட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. உழைத்தவர்களின் ஆண்டுவிழாவுக்கு நாள் குறித்தவர் துரை என்றாகிறது. இந்தக் குறை எனக்கும் உறுத்துகிறது. ஆனால் முதல் மறுப்பு நினைவிடத்தைக் குலைக்காது. கண்மாய்க்கரைப் பீடத்துச் சாமியும் எல்லாப் பங்காளிக்கும் இரத்தவழிப் பாட்டனா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஒரே பீடத்துக்கு வரி கட்டுவதால்தான் அவர்கள் பங்காளிகள்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதை இதன் மறுபக்கம். தாயகம் என்று சொல்லப்பட்ட நாட்டுக்கு வந்தவர்கள், மூன்று தலைமுறை வரி கட்டாத குடும்பமாகப் பாட்டனின் ஊருக்குள் நுழைய வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த பட்டம் ‘சிலோன்காரர்’. கொட்டாம்பட்டி போன்ற வட்டாரங்களின் குலதெய்வக் கோயில்களை ஆராய்பவர்கள் யார் வரி கட்டுகிறார்கள் என்று எழுதிக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். எந்தக் குடும்பத்தின் பெயர் எந்த ஆண்டில் நின்றது, எப்போது திரும்ப ஏறியது, யார் சாட்சி சொன்னார்கள் என்பதையும் தேட வேண்டும். புலம்பெயர்ந்தோர் வரலாற்றின் உள்ளூர் ஏடு அதுவே.

வரி நோட்டும் 1948-இன் சட்டமும் ஒன்றுக்கொன்று தொலைவானவையாகத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் ஒரே கணக்கைப் பின்பற்றுகின்றன: இரண்டும் தகப்பன் வழியை மட்டுமே எண்ணுகின்றன. மணமான பெண் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுகிறாள். அந்தச் சட்டத்தின் கண்ணில் பாட்டி எங்கே பிறந்தாள் என்பது கேள்வியாகவே இருக்கவில்லை. தேயிலையை உலகச் சந்தைக்கு அனுப்பிய கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். கம்பளைக்கு அருகே நியூ பீகொக் தோட்டத்தின் பழைய லயத்தில் 2007 முதல் இயங்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை நடைபயணத்துக்கு இணையான நினைவிடமாக நான் மதிப்பது இதனால்தான். அங்கே வேலைக்கருவிகளும் வீட்டுச் சாமான்களும் ஒரே காம்பராவின் அளவுக்குள் இருக்கின்றன. அவற்றை வைத்திருந்தவர் யாருடைய மகன் என்று கேட்க அங்கே ஏடு கிடையாது. தூணும் சிலையும் எழுப்பத் திட்டமிடும் குழுக்கள், முதலில் வந்தவரை மண்வெட்டி ஏந்திய ஆணாக வார்ப்பதற்கு முன்பு, அந்தக் காம்பராவுக்குள் ஒருமுறை போய் நின்று பார்ப்பது நல்லது.