வன்னி வீதியும் மொறிஸ் மைனரும்

1990களில் பொருளாதாரத் தடையினால் வவுனியாவுக்கு வடக்கே பெற்றோலும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மொறிஸ் மைனர்கள் பலருக்குக் கைகொடுத்தன.

பள்ளத்தின் அடியை வில்லுத்தகடு தாங்கும். ஆனால் துள்ளலை நிறுத்தாது. அதனை அடக்குவது சொக் அப்சோபர். உள்ளே எண்ணெய் சிறு துவாரத்தினூடாகத் தள்ளப்படுகையில் துள்ளலின் சக்தி வெப்பமாகிக் கரைகிறது. எண்ணெய் கசிந்தால் சக்கரம் வீதியில் பதியாது. பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

1948இல் அறிமுகமான மொறிஸ் மைனரில் இருந்தது நெம்புகோல் வகை. அதன் மூடியைத் திறந்து எண்ணெய் நிரப்பலாம். இன்றைய கார்களில் பெரும்பாலும் உள்ள மூடிய குழாய் வகையையோ கழற்றி மாற்றவே வேண்டும். நோயாளியை ஏற்றிச் செல்லும் காரில் குலுக்கம் வெறும் சொகுசுக் குறைவன்று.

ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மூடி, போருக்குப் பின் செப்பனிடப்பட்டது. தடைக்காலத்தைத் தாண்டியது புதுமையன்று. கையால் பழுதுபார்க்க இடந்தந்த பழமையே.