மலைக்கு அந்தப் பக்கமும் அதே அலைவரிசை

ஆண்டிபட்டியில் இருந்து கடமலைக்குண்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு சிக்னல் கோடுகளை எண்ணிக்கொண்டே போவது என் வழக்கம். கண்டமனூர் வரைக்கும் பிரச்சினை இல்லை. மயிலாடும்பாறை தாண்டி வருசநாட்டுப் பக்கம் போகப் போக, மலை மறைக்கிற வளைவுகளில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். ஒருமுறை பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னைக் கவனித்துவிட்டு, "இந்த மலைதான் தம்பி எல்லாத்தையும் மறைக்குது" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியைத் தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

கூம்பு ஸ்பீக்கர் கணக்கு

நம் ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் இரண்டு கோயிலில் ஒரே நேரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டினால் இரண்டு பாட்டும் காதில் விழும், ஒன்றும் புரியாது. அதே இரண்டு ஸ்பீக்கரை மலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கட்டினால் யாருக்கும் தொந்தரவு இல்லை. செல்போன் என்கிற தொழில்நுட்பத்தின் அடிப்படையே இவ்வளவுதான்.

1946-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் காரில் வைத்துப் பேசும் போன் சேவை தொடங்கியது. ஊருக்கு நடுவில் உயரமான ஆன்டெனா, கையளவு அலைவரிசைகள். ஒருவர் பேசினால் அந்த அலைவரிசை நகரம் முழுவதற்கும் அடைபட்டுவிடும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் ஒரு குறிப்பு எழுதினார். ஒரே பெரிய டவருக்குப் பதிலாகச் சக்தி குறைந்த பல சின்ன டவர்கள். ஊரை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு வேறு வேறு அலைவரிசை கொடுக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனதும் முதல் அலைவரிசையையே திரும்பப் பயன்படுத்தலாம். அந்தக் கட்டத்துக்குத்தான் 'செல்' என்று பெயர். இன்று நாம் செல்போன் என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். யோசனை வணிகச் சேவையாக மாற 1979 ஆயிற்று, டோக்கியோவில்.

22 சேனலை வைத்து ஒரு மாநிலம்

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அதே ஆண்டு சென்னையிலும் சேவை வந்தது. சென்னைக்குத் தனி உரிமம், மற்ற தமிழ்நாட்டுக்கு 'தமிழ்நாடு வட்டம்' என்று தனி உரிமம். அந்த வட்டத்தில் 1999-ல் ஏர்செல் சேவையைத் தொடங்கியது.

தொடக்கத்தில் ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்தது போக 4.4, வர 4.4 மெகாஹெர்ட்ஸ். ஜிஎஸ்எம் முறையில் ஒரு சேனலின் அகலம் 0.2 மெகாஹெர்ட்ஸ். ஆக மொத்தம் 22 சேனல்கள். குறுக்கீடு வராமல் இருக்க நான்கு டவர்களை ஒரு கூட்டமாகச் சேர்ப்பது வழக்கம். ஒரு டவருக்கு மூன்று முகம், ஆக 12 முகங்கள். 22-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு முகத்துக்கு இரண்டு சேனல்கூடத் தேறாது! ஒரு சேனலில் எட்டு பேர் பேசலாம் என்றாலும், டவரின் சொந்த வேலைக்குப் போக மிஞ்சுவது சொற்பம். மவுண்ட் ரோடு மாதிரி இடத்தில் சாயங்காலம் அது எந்த மூலைக்கு?

அதனால் பொறியாளர்கள் நகரங்களில் டவர்களை நெருக்கினார்கள், ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்த்தார்கள், சக்தியைக் குறைத்தார்கள். ஜிஎஸ்எம்முக்கு, நமக்கு வேண்டிய சிக்னல் அதே அலைவரிசையில் வரும் தொந்தரவைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு வலுவாக இருந்தால் போதும். அந்த எட்டு மடங்கைக் காப்பாற்றுவதுதான் தினசரிப் போராட்டம்.

இன்னொரு எல்லைத் தகராறும் வந்தது. ரிலையன்ஸ், டாடா நிறுவனங்களின் சிடிஎம்ஏ டவர்கள் 869 முதல் 889 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். ஜிஎஸ்எம் டவர்கள் 890-ல் இருந்து காது கொடுத்துக் கேட்கும். ஒருவர் உரக்கப் பேசுகிற இடத்துக்கும் இன்னொருவர் உன்னிப்பாகக் கேட்கிற இடத்துக்கும் இடையில் ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ்தான். ஒரே மொட்டைமாடியில் இரண்டு ஆன்டெனாவும் இருந்தால் என்ன ஆகும்? வடிகட்டி போட வேண்டும், ஆன்டெனாக்களைத் தள்ளி வைக்க வேண்டும். வரப்புத் தகராறு மாதிரியேதான்.

விலை மாநிலத்துக்கு, டவர் நகரத்துக்கு

'அலைக்கற்றை' என்கிற சொல் டீக்கடை வரைக்கும் வந்தது 2ஜி விவகாரத்தால்தான். 2008 ஜனவரி 10-ல் கொடுத்த 122 உரிமங்கள், 2010-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்ன 1.76 லட்சம் கோடி ரூபாய், 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் அத்தனை உரிமங்களையும் ரத்து செய்தது, 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. இதெல்லாம் நமக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு சின்ன கேள்வியை நாம் கேட்கவே இல்லை. அலைக்கற்றைக்குத் தட்டுப்பாடு என்றார்களே, எங்கே தட்டுப்பாடு?

நெரிசல் இருக்கிற இடத்தில் மட்டும்தான். கடமலைக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே மேகமலைத் தொடர், அதற்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு. கிழக்கே ஆண்டிபட்டி மலைகள். சின்னமனூரில் ஓடுகிற சேனலையே இங்கேயும் ஓட்டலாம், நடுவில் மலை காவல் இருக்கிறது. பெரியவர் குறை சொன்ன அதே மலை, குறுக்கீட்டைத் தடுக்க இலவசமாகக் கிடைத்த சுவர். சென்னைப் பொறியாளர் இப்படி ஒரு சுவருக்கு ஏங்குவார்.

பிறகு ஏன் கோடுகள் குறைகின்றன? காரணம் உரிமத்தின் நிபந்தனைகளில் இருக்கிறது. அலைக்கற்றை மொத்த வட்டத்துக்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் சேவை விரிவாக்கக் கடமையோ, முதல் ஆண்டில் மாவட்டத் தலைநகரங்களில் 10 சதவீதம், மூன்று ஆண்டுக்குள் 50 சதவீதம். தலைநகருக்குப் பதில் மாவட்டத்தின் வேறொரு நகரத்தைக் காட்டினாலும் சரி. அதாவது தேனி நகரத்தையே விட்டுவிட்டாலும் கணக்கு நேராகும். மூல வைகைக் கரைக் கிராமங்கள் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. கடமலைக்குண்டின் தலைக்கு மேலே இருந்த அலைவரிசையும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

பங்கு போட்டுக்கொள்ள எடுத்த காலம்

தனியார் டவர் வராத கிராமங்களுக்காக 2007-ல் அனைவருக்குமான சேவை நிதியில் ஒரு திட்டம் வந்தது. நாடு முழுக்க 7,000-க்கும் மேற்பட்ட டவர்கள், ஒவ்வொன்றையும் மூன்று நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் பகிர்ந்தது இரும்பை மட்டும்தான், அலையை அல்ல. அலைக்கற்றையைப் பகிரவும் விற்கவும் விதிமுறை வந்தது 2015-ல்தான்.

அதற்குள் களமே மாறிவிட்டது. 2018 பிப்ரவரி, மார்ச்சில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் காணாமல் போனது பலருக்கும் நினைவிருக்கும். நம்பரை மாற்றிக்கொள்ளக் கடை வாசல்களில் கூட்டம் நின்றது. தமிழ்நாட்டில் வளர்ந்த நிறுவனம் திவாலானது. டவர் நின்றதும், அதன் பெயரில் இருந்த அலைவரிசையால் யாருக்கும் ஒரு நிமிடப் பேச்சுகூடக் கிடைக்கவில்லை.

2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், தகுந்த காரணம் இல்லாமல் சும்மா கிடக்கிற அலைக்கற்றையைத் திரும்பப் பெற அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. 2025 ஜனவரியில், அரசு நிதியில் கட்டிய 4ஜி டவர்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும் வசதியும் தொடங்கியது. ரிங் குறிப்பு எழுதி அப்போதே 77 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

தண்ணீரைப் பங்கு போடுவது எப்படி என்று எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1895-ல் முல்லைப் பெரியாறு வந்ததில் இருந்து முறை வைத்துப் பாய்ச்சிப் பழகியவர்கள். ஒருவர் மடை திறந்தால் இன்னொருவர் காத்திருப்பார். ஆனால் இன்றைக்குத் திறக்காத தண்ணீர் அணையில் நாளைக்கு இருக்கும். அலைவரிசை அப்படி இல்லை. வருசநாட்டு வளைவில் இன்று பேசாமல் போன பேச்சை நாளைக்குச் சேர்த்துப் பேச முடியாது.

அடுத்த முறை அந்தப் பெரியவரைப் பார்த்தால் சொல்ல வேண்டும். மலை மறைக்கத்தான் செய்கிறது ஐயா, ஆனால் மலைக்கு இந்தப் பக்கமும் ஒரு டவர் வைத்தால் அதே மலை நமக்குக் காவல்.