நிற்றல் சிக்கல்: ஒரு கேள்வி வந்த வழி

ஒரு நிரலும் அதற்கான உள்ளீடும் தரப்படுகின்றன. நிரல் வேலையை முடித்து நிற்குமா, முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்குமா? ஓட்டிப் பார்ப்பதால் மட்டும் விடை கிடைத்துவிடாது. நின்றுவிட்டால் சரி, நிற்கவில்லை என்றால், இன்னும் நிற்கவில்லை என்பது மட்டுமே தெரியும். எந்த நிரலைக் கொடுத்தாலும் ஆராய்ந்து விடை சொல்லும் இன்னொரு நிரலை எழுத முடியுமா என்பதே நிற்றல் சிக்கல். முடியாது என்று 1936இல் ஆலன் டியூரிங் நிறுவியதாகப் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லும். அந்த வரியைத் தவறென்று தள்ள முடியாது. ஆனால் டியூரிங்கின் கட்டுரையைப் புரட்டுபவர் இந்தக் கேள்வியை அதில் எங்கும் காண மாட்டார். அவருடைய கட்டுரையில் நல்ல எந்திரம் என்பது நிற்கவே நிற்காத எந்திரம்.

கதையின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. டேவிட் ஹில்பர்ட்டும் வில்ஹெல்ம் ஆக்கர்மனும் 1928இல் வெளியிட்ட தருக்கவியல் நூல் ஒரு வேலையை முன்வைத்தது: தருக்க வாய்பாடு ஒன்றைக் கொடுத்தால், அது எப்போதும் உண்மையாகுமா என்பதை முடிவுறு எண்ணிக்கையிலான படிகளில் சொல்லும் முறையைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுவே தீர்மானச் சிக்கல். கணிதத்தில் விடை காண முடியாதது எதுவுமில்லை என்பது ஹில்பர்ட்டின் உறுதியான நம்பிக்கை. 1930 செப்டம்பர் 8 அன்று கோனிக்ஸ்பர்க் நகரில் ஆற்றிய உரையிலும் அதையே முழங்கினார். அதே நகரில் அதற்கு முந்தைய நாள், 24 வயது கூர்ட் கோடல், எண்கணிதத்துக்கான முறையான அமைப்பில் நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் உண்டு என்னும் தம் முழுமையின்மைத் தேற்றத்தை ஒரு கலந்துரையாடலில் அடக்கமாக அறிவித்திருந்தார். நம்பிக்கையின் ஒரு பாதி அங்கேயே சரிந்தது. தீர்மானச் சிக்கல் மட்டும் எஞ்சி நின்றது. இப்படியொரு முறை இருக்கிறது என்று காட்ட, ஒன்றைச் செய்து காட்டினால் போதும். இல்லவே இல்லை என்று காட்டுவதற்கோ, 'முறை' என்றால் என்னவென்று முதலில் வரையறுத்தாக வேண்டும்.

1935இல் கேம்பிரிட்ஜில் மேக்ஸ் நியூமன் நடத்திய வகுப்புகளில் டியூரிங் இந்தக் கேள்வியைச் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது 22. (தமிழ்நாட்டோடு அவருக்கு உறவு உண்டு. தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி, தாய் எதெல் சாரா பிறந்தது கோவையை அடுத்த போத்தனூரில்.) எந்திரம்போலச் செய்யத்தக்க முறை என்று பேச்சுவாக்கில் சொல்லப்பட்டதை டியூரிங் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். கட்டம் போட்ட தாளில் கணக்குப் போடும் மனிதர் என்ன செய்கிறார் என்று பிரித்துப் பார்த்தார்: ஒரு கட்டத்தைப் பார்க்கிறார், ஒரு குறியை எழுதுகிறார் அல்லது அழிக்கிறார், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறார், மனநிலை மாறுகிறது. இவ்வளவையும் ஒரு நீண்ட நாடாவும் சிறு அட்டவணையும் கொண்ட கற்பனை எந்திரத்துக்குள் அடக்கினார். கிராண்ட்செஸ்டர் புல்வெளியில் படுத்திருந்தபோது இந்த யோசனை தோன்றியதாக, பின்னாளில் தம் மாணவர் ராபின் காண்டியிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த எந்திரத்தின் வேலை, பை (π) போன்ற எண்களின் இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டுக்கொண்டே போவது. அச்சிடுவது ஓயாத எந்திரமே உருப்படியானது. ஏதோ ஒரு கட்டத்துக்குப் பின் புதிய இலக்கம் எதையும் தராமல் சிக்கிக்கொள்வது பழுதானது. எந்திரத்தின் விவரிப்பைப் பார்த்து அது எந்த வகை என்று சொல்லும் எந்திரம் இருக்க முடியாது என்பதே 1936ஆம் ஆண்டின் நிறுவல். அதிலிருந்து தீர்மானச் சிக்கலுக்கும் விடை இல்லை என்று காட்டினார். மே 28 அன்று லண்டன் கணிதவியல் கழகத்துக்கு அந்தக் கட்டுரை வந்து சேர்ந்தபோது, பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச் முற்றிலும் வேறு வழியில் அதே முடிவை அச்சேற்றிவிட்டிருந்தார். முதலிடம் சர்ச்சுக்குத்தான். ஆனாலும் எந்திரம் என்ற எளிய படிமம்தான் நிலைத்தது. 'முறை' என்பதற்கு இதுவே சரியான வரையறை என்று கோடலையே ஏற்கச் செய்ததும் அதுதான்.

கேள்வி 'நிற்பது' பக்கம் திரும்பியது 1950களில். ஸ்டீபன் கிளீனியின் 1952ஆம் ஆண்டு நூலில் எந்திரத்தின் வேலை வேறு: ஓர் எண்ணைத் தந்தால், அதற்கான விடையை எழுதிவிட்டு நிற்க வேண்டும். நிற்பது இங்கே வெற்றியின் அடையாளமாகிவிட்டது. இன்று வழங்கும் பெயரைப் பரப்பியது மார்ட்டின் டேவிஸின் 1958ஆம் ஆண்டு நூல். டியூரிங் 1954இலேயே இறந்துவிட்டார்.

இன்றைய வகுப்பறை நிறுவலுக்கு அருகில் வருவது, கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1965இல் 'கம்ப்யூட்டர் ஜர்னல்' இதழுக்கு எழுதிய சின்னஞ்சிறு கடிதம். 1953இல் ஒரு மாநாட்டுக்குப் போகும் வழியில், ரயில் பெட்டியில் டியூரிங் இந்த நிறுவலை வாய்மொழியாகச் சொன்னார் என்றும், விவரத்தை உடனே மறந்துவிட்டதாகவும் அதில் குறிப்பிடுகிறார். அவர் தாமாக மீட்டுத் தந்த நிறுவல் இது: எந்த நிரலைக் கொடுத்தாலும் நிற்கும், நிற்காது என்று சரியாகச் சொல்லும் சோதனை நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இப்போது புதிய நிரல் ஒன்றை எழுதுவோம். அது தன்னையே சோதனை நிரலிடம் கொடுக்கும். 'நிற்கும்' என்று விடை வந்தால், முடிவிலா லூப்பில் புகுந்துவிடும். 'நிற்காது' என்று வந்தால், அந்த இடத்திலேயே முடிந்துவிடும். சோதனை நிரல் எதைச் சொன்னாலும் பொய்யாகிறது. ஆகவே அப்படியொரு சோதனை நிரல் இல்லை. ஸ்ட்ரேச்சிக்கு இதை எழுதிக்காட்ட சில வரி நிரல் போதுமானதாக இருந்தது.

இது செயற்கையாகத் தைத்த பொறி, நடைமுறையில் யார் இப்படி நிரல் எழுதுகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அதற்கு மறுமொழியாக லோத்தர் கொலாட்ஸின் பெயரால் வழங்கும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஓர் எண் இரட்டைப்படையானால் பாதியாக்கு. ஒற்றைப்படையானால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 1 வந்தால் நிறுத்து. 27இல் தொடங்கினால் எண் 9,232 வரை ஏறி, 111 படிகளுக்குப் பிறகு 1இல் வந்து முடிகிறது. எந்த எண்ணில் தொடங்கினாலும் நிற்குமா? இதுவரை யாரும் நிறுவவில்லை. பள்ளி மாணவர் எழுதக்கூடிய நிரல் இது.

இனி, டியூரிங்கின் அதிகம் பேசப்படாத முகம். 1949 ஜூன் 24 அன்று, எட்சாக் கணினி ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆன நிலையில், கேம்பிரிட்ஜ் மாநாட்டில் நிரல்களைச் சரிபார்ப்பது பற்றி மூன்று பக்கக் கட்டுரை ஒன்றைப் படித்தார். உதாரணம், பெருக்கலே இல்லாமல் திரும்பத் திரும்பக் கூட்டி ஓர் எண்ணின் தொடர்பெருக்கத்தைக் காணும் நிரல், லூப்புக்குள் லூப். அது நிற்கும் என்பதை அவர் காட்டிய விதம் எளிது: ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைக் கண்டுபிடி. வெளி லூப்பில் மிச்சமுள்ள சுற்றுகளை 2இன் 80ஆம் அடுக்கால் பெருக்கு. உள் லூப்பில் மிச்சமுள்ளவற்றை 2இன் 40ஆம் அடுக்கால் பெருக்கு. நிரலில் இப்போது இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஒரு சிறு எண்ணைக் கூட்டு. இந்த மொத்தம் படிக்குப் படி இறங்குகிறது. முழு எண் சுழியத்துக்குக் கீழே இறங்க வழியில்லாததால் நிரல் நின்றே தீர வேண்டும். எல்லா நிரல்களுக்குமான முறை இல்லை என்று காட்டியவரே, இந்த ஒரு நிரல் நிற்கும் என்று நிறுவும் வழியையும் காட்டினார். இரண்டுக்கும் முரணில்லை. அந்தக் கட்டுரையை அன்று யாரும் பின்தொடரவில்லை. ராபர்ட் ஃபிளாயிட் 1967இல் இதே வழியை மறுபடியும் கண்டெடுக்க வேண்டியிருந்தது.

முறை இல்லை என்ற முடிவு இதற்கிடையே கிளை பரப்பியது. ஹென்றி ரைஸ் 1953இல் அதை விரித்தார்: நிரல் எதைக் கணக்கிடுகிறது என்பது பற்றிய அற்பமல்லாத எந்தக் கேள்விக்கும் பொதுவான சோதனை நிரல் இல்லை. 1970இல் லெனின்கிராடில் 22 வயது யூரி மத்தியாசெவிச் என்பவர் டேவிஸ், பட்னம், ஜூலியா ராபின்சன் ஆகியோரின் வேலையை முடித்துவைத்து, பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கு முழு எண் தீர்வு உண்டா என்று சொல்லும் முறையைக் கேட்ட ஹில்பர்ட்டின் பத்தாம் சிக்கலையும் அதே பட்டியலில் சேர்த்தார்.

நிரல் நிற்பதை நிறுவும் தொழில் 2000களில் ஆய்வறையை விட்டு வெளியே வந்தது. பிரிண்டர், வட்டு போன்றவற்றை இயக்கும் டிரைவர் நிரல் அழைப்பிலிருந்து திரும்பாவிட்டால் கணினியே உறைந்துவிடும். விண்டோஸ் டிரைவர்களை ஆராய, கேம்பிரிட்ஜ் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பைரன் குக், ஆந்திரியாஸ் போடெல்ஸ்கி, ஆந்திரே ரிபல்சென்கோ ஆகியோருடன் 2006இல் 'டெர்மினேட்டர்' என்ற கருவியை வெளியிட்டார். முழு நிரலுக்கும் ஒரே இறங்கும் அளவைத் தேடாமல், பல சிறு அளவுகளைத் தனித்தனியே கண்டு இணைப்பது அதன் உத்தி. இணைப்பு செல்லும் என்பதற்கு ஆதாரம் ஃபிராங்க் ராம்சேயின் தேற்றம். ராம்சே அதை நிறுவியது தீர்மானச் சிக்கலின் ஒரு பகுதியைத் தீர்ப்பதற்காக. அந்தக் கட்டுரை வெளிவந்த 1930இலேயே 26 வயதில் இறந்தார். இத்தகைய கருவிகள் 'நிற்கும்', 'நிற்காது' என்பவற்றோடு 'தெரியவில்லை' என்ற மூன்றாவது விடையையும் தருகின்றன. அந்த விடைக்கு இடம் கொடுத்தவுடன் 1936ஆம் ஆண்டின் தடை குறுக்கே வருவதில்லை.

சிலர் கேள்வியையே தவிர்த்தார்கள். லினக்ஸ் கருவுக்குள் ஓடும் இபிபிஎஃப் நிரல்களில் லூப்புக்கே நெடுங்காலம் அனுமதியில்லை. 2019இல்தான் எல்லை தெரிந்த லூப்புகள் ஏற்கப்பட்டன. பிளாக்செயின் தளமான எத்தீரியம் ஒவ்வொரு படிக்கும் கட்டணம் வைத்தது. கட்டிய பணம் தீர்ந்தால் நிரல் நிறுத்தப்படும்.

தடையை நேருக்கு நேர் அளக்கும் விளையாட்டும் ஒன்று உண்டு. நிற்கக்கூடிய எந்திரங்களில், குறிப்பிட்ட எண்ணிக்கை நிலைகள் கொண்டது அதிகபட்சம் எத்தனை படி ஓடும் என்று 1962இல் திபோர் ராதோ கேட்டார். இரண்டு நிலைகளுக்கு 6, மூன்றுக்கு 21, நான்குக்கு 107. ஐந்துக்கு 4,71,76,870 படி ஓடி நிற்கும் எந்திரம் 1989இல் கிடைத்தது. அதற்கு மேல் ஓடுபவை எல்லாம் நிற்கவே நிற்காதவை என்று காட்ட, கோடிக்கணக்கான எந்திரங்களைத் தனித்தனியே தீர்த்தாக வேண்டியிருந்தது. இணையத்தில் கூடிய ஆர்வலர் குழு ஒன்று 2024இல் அந்த நிறுவலை முடித்து, காக் என்ற நிறுவல் சரிபார்ப்பு மென்பொருளாலும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு ஆறு நிலை எந்திரங்களுக்குள் ஆன்டிஹைட்ரா என்று பெயரிடப்பட்ட ஒன்று அகப்பட்டது. அது செய்வது கொலாட்ஸ் கணக்கை ஒத்த ஒரு கணக்கு. நிகழ்தகவுப்படி பார்த்தால் அது நிற்காது என்றே தோன்றுகிறது. நிறுவல் மட்டும் யாரிடமும் இல்லை.