மார்ஷல் தாக்குதல் (சதுரங்கம்)

மார்ஷல் தாக்குதல் என்பது ரூய் லோபஸ் தொடக்கத்தில் கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்கும் முறையாகும். 1918 அக்டோபர் 23 அன்று நியூயார்க் போட்டியில் கியூபாவின் கபாபிளாங்காவுக்கு எதிராக அமெரிக்க வாகையர் பிராங்க் மார்ஷல் இதை ஆடினார். அந்த ஆட்டத்தில் மார்ஷல் தோற்றார். ஆயினும் தொடக்கத்துக்குத் தோற்றவரின் பெயரே நிலைத்தது.

இருவரும் 1909-இல் மோதிய தொடரில் கபாபிளாங்கா 8 ஆட்டங்களிலும் மார்ஷல் ஒன்றிலும் வென்றனர். 14 சமனில் முடிந்தன. அத்தோல்விக்குப் பழிதீர்க்கவே மார்ஷல் இந்நகர்வைப் பல்லாண்டுகள் மறைத்து வைத்திருந்தார் என்பர். சுவையான கதைதான், பின்னர் சேர்ந்த அலங்காரமாகவே தோன்றுகிறது. நகர்வும் முற்றிலும் புதிதன்று. 1893-இல் ஹவானாவில் ஜெர்மானியரான வால்பிராட்டுக்கு எதிராக இது ஆடப்பட்டுள்ளது.

எட்டாவது நகர்வில் வெள்ளை சி3 ஆட, கறுப்பு தன் சிப்பாயை டி5-க்குத் தள்ளுகிறது. வெட்டுகள் முடியும்போது வெள்ளைக்கு ஒரு சிப்பாய் மிச்சம். ஆனால் அதன் அரசிப்பக்கக் காய்கள் இன்னும் தொடக்கக் கட்டங்களிலேயே நிற்கின்றன. கறுப்பின் காய்களோ வெள்ளை அரசனை நோக்கித் திரள்கின்றன. இது முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்பட்டது என்று உணர்ந்தும் கபாபிளாங்கா விலகாமல் சிப்பாயை எடுத்தார்.

ஆட்டத்தின் உச்சம் 15-ஆவது நகர்வு. கறுப்புக் குதிரை எஃப்2 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை அரசி அக்குதிரையை வெட்டினால் என்ன ஆகும் என்பதைப் பலகையில் காய்களை வைத்துப் பார்ப்பது நல்லது. கறுப்பு அவசரப்பட்டு அமைச்சரை ஜி3-க்குக் கொண்டுசென்றால், வெள்ளை அரசி எஃப்7 சிப்பாயை வெட்டி முற்றுகையிடும். கறுப்புக் கோட்டை அரசியை வெட்டியதும் வெள்ளைக் கோட்டை இ8-இல் இறுதி முற்றுகை வைத்துவிடும். எஃப்7-இல் உள்ள கோட்டையோ பி3 அமைச்சரால் பிணைக்கப்பட்டு அசைய முடியாது. முதலில் எச்2-இல் அமைச்சரால் முற்றுகையிட்டு, பிறகு ஜி3-க்குத் திரும்புவதே கறுப்புக்குச் சரியான வரிசை. கபாபிளாங்கா குதிரையைத் தொடாமல் கோட்டையை இ2-க்கு நகர்த்தினார். அவருடைய அரசன் இ2, டி3, சி2 என நடந்தே தப்பியது. 36-ஆவது நகர்வில் வெள்ளை வென்றது.

அன்று மார்ஷல் 11-ஆவது நகர்வில் குதிரையை எஃப்6-க்குத் திருப்பினார். இன்று பெரும்பாலோர் சி6 ஆடி, டி5 குதிரையை அங்கேயே காக்கின்றனர். 1965-இல் தாலுக்கு எதிரான தேர்வுத் தொடரில் ஸ்பாஸ்கி இத்தாக்குதலைக் கையாண்டார். இதற்கு இடம் கொடாமல் எட்டாவது நகர்விலேயே ஏ4 ஆடி விலகுவோரும் உண்டு. காஸ்பரோவ் அவர்களுள் ஒருவர்.