முந்நூறு வெள்ளிக்கு ஒரு சிடி பிளேயர்

அப்பா சிடிகளை ஒரு மைலோ அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். தரையில் கொட்டிப் பரப்பியபோது நான்கு வகை வட்டுகள் தேறின. கடையில் வாங்கிய அசல் சிடிகள் கொஞ்சம். சிலவற்றின் உறையில் 2003-இல் அரசாங்கம் கட்டாயமாக்கிய ஹாலோகிராம் வில்லை இன்னும் மின்னுகிறது. பசார் மாலாமில் வாங்கிய, ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டு என்று அட்டையில் போட்டிருக்கும் எம்பி3 சிடிகள் நிறைய. கல்யாண வீடுகளுக்கு இரவல் போய் வந்த கரவோக்கே விசிடிகள். கடைசியாக, மார்க்கர் பேனாவால் ‘அம்மா – 2004’ என்று அப்பா எழுதி வைத்திருந்த ஒரே ஒரு சிடி-ஆர்.

அது பாட்டியின் குரல். எண்பதுகளில் தோட்டத்தில் யாரோ கேசட்டில் பதிவு செய்தது. தாலாட்டு, ஒப்பாரி, நடுவில் கோழி கத்தும். 2004-இல் கிள்ளானில் ஒரு வீடியோ கடையில் கொடுத்து அப்பா அதை சிடியில் ஏற்றினார். கேசட் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. நான் பாட்டியைப் பார்த்ததில்லை.

வீட்டிலிருந்த மினி கம்போ செத்து ஐந்து வருடம் ஆகிறது. “ஒரு பிளேயர் வாங்கு. முந்நூறு வெள்ளிக்கு மேல வேணாம்” என்றார் அப்பா. சின்ன வேலை என்றுதான் நினைத்தேன். எதை வாங்குவது என்று தேட ஆரம்பித்ததும் அந்த இயந்திரத்தின் நாற்பது வருட வரலாற்றுக்குள் போய் விழுந்தேன்.

1979 மார்ச் 8-ஆம் தேதி, நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் நிறுவனம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஒரு சின்ன வட்டிலிருந்து பாட்டுப் போட்டுக் காட்டியது. அன்றைக்கு வட்டின் அகலம் 11.5 சென்டிமீட்டர். அப்புறம் சோனியோடு கூட்டுச் சேர்ந்து, 1980-இல் இரண்டு நிறுவனமும் ‘ரெட் புக்’ எனும் விதிமுறையை எழுதின. அகலம் 12 சென்டிமீட்டர் ஆனது. ஏன் அந்த அரை சென்டிமீட்டர்? பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுதும் ஒரே வட்டில் அடங்க வேண்டும் என்று சோனியின் நோரியோ ஓகா பிடிவாதம் பிடித்தார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. ஓகா முறையாகப் பாட்டுப் படித்தவர் என்பதால் நம்பவும் தோன்றும். ஆனால் பிலிப்ஸ் தரப்பில் அந்த வேலையில் இருந்த பொறியாளர் கீஸ் இம்மிங்க் பின்னாளில் வேறு மாதிரி எழுதினார். பிலிப்ஸின் துணை நிறுவனமான பாலிகிராம் 11.5 சென்டிமீட்டர் வட்டு அச்சடிக்க ஜெர்மனியின் ஹனோவரில் ஏற்கெனவே ஆலையைத் தயார் செய்துவிட்டது. அளவை மாற்றினால் அந்த முன்தூக்கம் போய்விடும், சோனிக்கு அதுதான் வேண்டியிருந்தது என்கிறார். எனக்கு இம்மிங்க் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. பீத்தோவன் விற்பனையாளர்களுக்குக் கிடைத்த நல்ல கதை.

இன்னொரு சண்டை துல்லியம் பற்றியது. பிலிப்ஸ் கையில் இருந்தது 14 பிட் சில்லு. சோனி 16 பிட் இல்லாமல் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் 16 தான் விதியானது. பிலிப்ஸ்காரர்கள் தங்கள் 14 பிட் சில்லை நான்கு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, கணக்குப் போட்டு, அதிலேயே கிட்டத்தட்ட 16 பிட் தரத்தை வாங்கிவிட்டார்கள். தோற்ற கட்சியின் இந்தச் சாமர்த்தியம் பின்னால் உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது.

ஒரு வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளக்க வேண்டும் என்கிற எண்ணும் வானத்திலிருந்து விழவில்லை. அப்போது அவ்வளவு தகவலைச் சேமிக்க வீடியோ நாடாவை விட்டால் வேறு வழியில்லை. தொலைக்காட்சிப் படத்தின் ஒரு கோட்டில் மூன்று அளவு வீதம், 245 கோடு, வினாடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 294 கோடு, 50 முறை. அதுவும் அதே 44,100 தான் வரும். இன்றைக்கும் நாம் கைப்பேசியில் கேட்கும் பாட்டுகளில் பெரும்பாலானவை, என்றோ செத்துப்போன வீடியோ நாடாவின் கணக்கில்தான் ஓடுகின்றன.

1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் சோனி சிடிபி-101 கடைக்கு வந்தது. விலை 168,000 யென். அன்றைய கணக்கில் 600 அமெரிக்க டாலருக்கு மேல். இது பணக்காரர் வீட்டுச் சாமான். அப்படியே விட்டிருந்தால் சிடி என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்காகவே நின்றிருக்கும். விலையை உடைத்தது 1984-இல் வந்த டி-50 எனும் கையடக்கப் பிளேயர். நான்கு சிடி உறையை அடுக்கினால் என்ன உயரமோ அதற்குள் அடக்குங்கள் என்று ஒரு மரக்கட்டையைப் பொறியாளர்கள் முன் வைத்தார்களாம். அடக்கினார்கள். விலை 49,800 யென். முதல் இயந்திரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆரம்பத்தில் நட்டத்துக்கே விற்றார்கள்.

அதற்குப் பிறகு விலை இறங்கிக்கொண்டேதான் போனது. எண்பதுகளின் கடைசியில் ‘ஒரு பிட்’ சில்லுகள் வந்தன. பதினாறு படிகளையும் துல்லியமாகச் செதுக்குவது செலவு பிடித்த வேலை. அதற்குப் பதில் ஒரே படியை மிக வேகமாகத் தட்டிவிட்டால் போதும் என்பது இதன் தந்திரம். மலிவுச் சில்லும் நன்றாகவே பாடியது. பழைய பிலிப்ஸ் டிடிஏ 1541 சில்லுக்காக இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் முந்நூறு வெள்ளி வைத்திருப்பவர் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஓரளவு ஒழுங்கான எந்தப் பிளேயரும் மற்றதிலிருந்து அவ்வளவு வேறுபடாது. காசு மிஞ்சினால் ஸ்பீக்கருக்குப் போடலாம்.

மலிவு என்று பேசினால் பிளேஸ்டேஷனைச் சொல்லாமல் விட முடியாது. 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த விளையாட்டுப் பெட்டி. அதன் முதல் மாடல்களில் பின்பக்கம் ஒலிக்குத் தனி ஆர்சிஏ துளைகள் இருந்தன. பிறகு செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள். பல வருடம் கழித்து யாரோ அந்த முதல் பெட்டியை நல்ல ஆம்ப்ளிஃபையரில் மாட்டிக் கேட்டுவிட்டு, விலையுயர்ந்த பிளேயர்களுக்கு இது சளைத்ததில்லை என்று சொல்ல, கேரம் விளையாடும் பையன்கள் மாதிரி ஒலிப் பித்தர்கள் அதைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அதே பெட்டியில் லென்ஸைத் தாங்கும் பிளாஸ்டிக் தேய்ந்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும் என்ற நிலையும் வந்தது.

சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை இருந்திருந்தால் அங்கே போயிருப்பேன். அது 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பெட்டாலிங் ஜெயாவில் ஆம்கார்ப் மாலின் பழம்பொருள் சந்தைக்குப் போனேன். ஒரு சீன அங்கிள் மேசையில் கறுப்பு பிலிப்ஸ் பிளேயர் ஒன்று, 280 வெள்ளி. கனமாக, அழகாக இருந்தது. கொண்டுபோன அசல் சிடியைப் போட்டதும் நன்றாகப் பாடியது. கடைசிப் பாட்டுக்குத் தாவச் சொன்னேன். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது; லென்ஸ் ஓரம்வரை போய்ச் சேர்கிறதா என்று கடைசிப் பாட்டில்தான் தெரியும். போய்ச் சேர்ந்தது. கைக்குப் பணமே வந்துவிட்டது. பிறகு எம்பி3 சிடியைப் போட்டேன். பேசவே இல்லை. அங்கிள் சிரித்தார். இது அந்தக் காலத்து மிஷின், இதுக்கு அதெல்லாம் தெரியாது லா என்று மலாயில் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியில் இருப்பது சிடிபி-101 வழி வந்த வரலாறே இல்லை. 1993-இல் விசிடிக்கு விதிமுறை எழுதினார்கள். அதே வருடம் சீனாவின் அன்ஹூய் மாநிலத்தில் விசிடி பிளேயர் செய்தார்கள். மேற்கு நாடுகள் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்த இயந்திரம்தான் நம் வட்டாரத்து வீடுகளுக்குள் வந்தது. அதற்கு ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும் நாடா தேவையில்லை, கரவோக்கே பாடலாம், சிடியும் ஓடும். அப்பா மாதிரி ஆட்களுக்கு ‘சிடி பிளேயர்’ என்றால் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த அந்தப் பெட்டிதான். ஆகவே எனக்குத் தேவை நல்ல பரம்பரை அல்ல. கண்டதையும் தின்னும் வயிறு.

இரண்டு மேசை தள்ளிப் பழைய டிவிடி பிளேயர் ஒன்று கிடைத்தது. எண்பது வெள்ளி. எம்பி3, விசிடி, சிடி-ஆர் எல்லாம் படிக்கும். பின்னால் கோஆக்ஸியல் துளை இருந்தது. பின்னாளில் தனியாக ஒரு டாக் வாங்கி மாட்டினால் சில்லின் தரத்தை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம். இன்னொரு நூற்றைம்பது வெள்ளிக்குச் சின்ன ஆம்ப்ளிஃபையரும் ஜோடி ஸ்பீக்கரும். இப்படித் துண்டு துண்டாகச் சேர்ப்பதுதான் ஏழைக்கு ஏற்ற வழி என்று நினைக்கிறேன்.

வீட்டில் முதலில் ‘அம்மா – 2004’ போட்டோம்.

அச்சடித்த சிடியில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். சிடி-ஆரில் அப்படியில்லை. அதில் ஒரு சாயப்பூச்சு. லேசர் அதைச் சுட்டுத்தான் எழுதுகிறது. 1988-இல் ஜப்பானின் தையோ யூடன் உருவாக்கியது. நீலப்பச்சை சாயங்கள் சில வெளிச்சத்துக்குத் தாங்காது. பளபளக்கும் உலோகப் பூச்சோ மேல்பக்கம், நாம் பேனாவால் எழுதும் அந்தப் பக்கத்தில், மெல்லிய அரக்குக்குக் கீழேதான் இருக்கிறது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பெரும்பாலும் ஓரம்தான் முதலில் போகும். ‘குறையற்ற ஒலி, என்றென்றைக்கும்’ என்று சிடியை விற்றார்களே, அந்த வாக்குறுதியில் சிடி-ஆர் சேர்த்தியில்லை.

முதல் பாட்டு வந்தது. ஒரு பெண் தாலாட்டுப் பாடினாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

“இது அம்மா இல்லடா. இது சின்னம்மா. அம்மா கடைசியிலதான் பாடுவாங்க” என்றார்.

கடைசி என்றால் வட்டின் ஓரம். மொத்தம் ஆறு பதிவு. நான்குவரை ஓடியது. ஐந்தில் திக்கித் திக்கி, அப்புறம் நின்றுவிட்டது. மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக்கூடாது; கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழுந்தால் பிழைதிருத்தும் கணக்கு தோற்றுவிடும். இரண்டரை மில்லிமீட்டர்வரை தகவல் தொலைந்தாலும் சமாளிக்கும் கணக்குதான் அது. நாங்கள் தொலைத்தது அதைவிட அதிகம் போலிருக்கிறது.

அண்ணியின் பழைய கணினியில் வட்டு படிக்கும் கருவி இருந்தது. இசைக்கும் பிளேயர் பாட்டு ஓடும் வேகத்திலேயே படித்தாக வேண்டும். கணினிக்கு அந்த அவசரம் இல்லை. மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்படி விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஐந்தாவது பதிவு முழுதாக இருந்தது. ஆறாவதில் மூன்று நிமிடம் மட்டும்.

அப்பா அதைப் புது ஸ்பீக்கரில் கேட்டார். இரண்டு இடத்தில் ‘டக்’ என்று வெட்டும். கோழி கத்துகிறது. பாட்டியின் குரல் நான் நினைத்ததைவிடக் கட்டையாக இருந்தது. முடிந்ததும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கரவோக்கே விசிடி எதையாச்சும் போடு, ஓடுதான்னு பாப்போம்” என்றார். ஓடியது.