எழுதி வைத்த ஆட்டம்: பேஸ்பால் கணக்கு பிறந்த கதை

அமெரிக்க நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு சின்னக் கட்டம் அச்சாகி வந்தது. மேலே இரண்டு ஊர்களின் பெயர். கீழே அணிக்கு ஒன்பது ஆட்டக்காரர்கள், ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் நாலைந்து எண்கள். பொடி எழுத்தில் மொத்தமும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பாக்ஸ் ஸ்கோர் என்று பெயர். மைதானத்துப் பக்கமே போகாதவர்கூட மறுநாள் காலையில் அதைப் படித்துவிட்டு, யார் அடித்தார், யார் பந்தைக் கோட்டைவிட்டார், பந்து வீசிய எந்த பிட்சர் திணறினார் என்று ஆட்டம் முழுவதையும் சொல்லிவிடுவார். இன்று ஒரு பேஸ்பால் அணியைப் பற்றியும் அதன் வீரர்களைப் பற்றியும் மலைபோல் எண்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கட்டம்தான். அதற்கு உருவம் கொடுத்தவர் கிரிக்கெட் எழுதிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயர்.

ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பிறந்தவர். 1837இல், பதின்மூன்று வயதுகூட நிரம்பாத நிலையில், குடும்பத்தோடு கப்பலேறி நியூயார்க்கை அடுத்த புரூக்ளினுக்கு வந்து சேர்ந்தார். தந்தையின் முதல் மனைவி வழியில் அவருக்கு 24 வயது மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவர்தான் எட்வின் சாட்விக். இங்கிலாந்தின் தொழிலாளர் குடியிருப்புகளில் சாக்கடையும் அசுத்தத் தண்ணீரும் எத்தனை உயிர்களை வாரிக்கொண்டு போகின்றன என்று ஊர் ஊராகக் கணக்குத் திரட்டி 1842இல் அறிக்கை வெளியிட்டு, 1848இன் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கு வழி செய்தவர். அண்ணன் சாவுகளை எண்ணினார், தம்பி ஆட்டத்தை எண்ணினார். எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்ற பிடிவாதம் இருவருக்கும் இருந்தது.

தம்பி நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் ஆட்டங்களை எழுதிவந்தார். 1856இல் ஒரு நாள், ஹட்சன் ஆற்றின் அக்கரையில் உள்ள ஹோபோக்கனில் கிரிக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், எலிசியன் ஃபீல்ட்ஸ் திடலில் ஈகிள், காத்தம் என்ற இரண்டு கிளப்புகள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார். அந்த ஆட்டம் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்களின் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான தேசிய ஆட்டம் கிடையாது என்று முடிவு செய்துவிட்டார். மீதி ஐம்பது ஆண்டும் அவர் பேனா பேஸ்பாலுக்கே ஓடியது.

ஆட்டத்தை எண்களாக அச்சிடும் வழக்கம் அவருக்கு முன்பே உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1845 அக்டோபர் 22ஆம் தேதி நியூயார்க் மார்னிங் நியூஸ் ஏட்டில் வந்த கட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் இரண்டே பத்திகள்: ஆட்டக்காரர் எத்தனை முறை அவுட் ஆனார், எத்தனை ரன் எடுத்தார். அவ்வளவுதான். சாட்விக் 1850களின் முடிவில் இதை விரித்தார். மட்டையைப் பிடித்தவனுக்கு மட்டும் கணக்கு எழுதினால் போதாது, பந்தைப் பிடித்தவனுக்கும் எழுத வேண்டும் என்றார். யார் யாரை அவுட் ஆக்கினார்கள், யார் கையிலிருந்து பந்து நழுவியது என்பதெல்லாம் கட்டத்துக்குள் வந்தன. 1860இல் பத்து சென்ட் விலையில் வெளிவந்த பீடில் கையேட்டைத் தொகுத்தவரும் அவர்தான். ஆட்டத்தின் விதிகளும் கிளப்புகளின் கணக்கும் சாதாரண மக்கள் கைக்குப் போனது அதன் மூலம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தில் இன்றுவரை, தவறவிட்ட கேட்சுக்கு என்று ஒரு பத்தி கிடையாது. ஸ்லிப்பில் நின்றவர் லட்டு மாதிரி வந்த பந்தைத் தரையில் விட்டிருப்பார். அடித்தவர் அதற்குப் பிறகு சதம் போட்டிருப்பார். ஸ்கோர் அட்டையில் ஒரு தடயமும் இருக்காது. கிரிக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்ட பேஸ்பால், அதில் ‘எரர்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டது. அணியின் பிழை கூட்டுத்தொகையோடு நாளிதழில் வரும். யாருடைய தகுதியால் எது நடந்தது, யாருடைய தவறால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்ற நியாய உணர்ச்சி அந்தப் பத்தியில் இருக்கிறது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்.

மைதானத்தில் ஸ்கோர் எழுதுபவரின் அட்டையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் அழகு. ஒவ்வொரு வீரருக்கும் இன்னிங்ஸுக்கு ஒரு சதுரம். சதுரத்துக்குள் சாய்சதுரமாக, ஓடிக் கடக்க வேண்டிய நாலு பேஸ்கள். அடித்தவர் முதல் பேஸுக்குப் போனால் ஒரு பக்கக் கோடு, இரண்டாவதுக்குப் போனால் அடுத்த கோடு. சுற்றி வந்து ரன் எடுத்துவிட்டால் உள்ளே முழுவதும் பென்சிலால் கறுப்படித்துவிடுவார்கள். ஃபீல்டர்களுக்குப் பெயர் எழுதுவதில்லை, எண்தான். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, ஷார்ட் ஸ்டாப் 6, வெளியே நிற்கும் மூவர் 7, 8, 9. ஆகவே 6-4-3 என்று எழுதியிருந்தால், ஷார்ட் ஸ்டாப் பந்தை எடுத்தார், இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், அவர் முதல் பேஸுக்கு எறிந்தார், இரண்டு பேர் அவுட் என்று தெரிந்தவர் படித்துவிடுவார். மூன்று பந்தையும் அடிக்க முடியாமல் போனவருக்கு ‘கே’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. ‘ஸ்ட்ரக்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை எடுத்து அந்தக் குறியை வழக்கில் விட்டவர் சாட்விக். பிட்சர் ஒருவரை இப்படி அவுட் ஆக்கும்போதெல்லாம் ரசிகர்கள் இன்றும் ‘கே’ எழுதிய அட்டைகளைக் கேலரிச் சுவரில் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுகிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கணக்குத் தட்டிப் பார்க்க வேண்டும். நம் கடைகளில் இரவு கல்லாவைப் பூட்டுமுன் வரவு செலவு நேர் செய்வதைப் போலத்தான். ஓர் அணி எடுத்த ரன் 4, பேஸில் நின்றபடியே இன்னிங்ஸ் முடிந்து தங்கிவிட்டவர்கள் 7, எதிரணி எடுத்த அவுட் 27 என்றால் கூட்டுத்தொகை 38. அந்த அணியின் வீரர்கள் அன்று மட்டையோடு வந்து நின்ற முறைகளும் 38ஆக இருந்தே தீர வேண்டும். வந்தவர் ஒவ்வொருவரும் ஒன்று ரன் எடுத்திருப்பார், அல்லது அவுட் ஆகியிருப்பார், அல்லது பேஸில் தங்கியிருப்பார். நாலாவது வழி இல்லை. ஒன்று குறைந்தாலும் எழுதியவர் எங்கோ கண் அயர்ந்திருக்கிறார் என்று பொருள்.

ஆட்டத்துக்குச் சம்பளம் வந்தபோது இந்த எண்களின் எடை கூடியது. 1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ், வெளிப்படையாகவே எல்லாருக்கும் சம்பளம் கொடுத்த முதல் அணியாகக் களமிறங்கியது. அதை நடத்திய ஹாரி ரைட்டும் இங்கிலாந்தில் பிறந்த கிரிக்கெட்காரர். அவருக்கு 1,200 டாலர். ஷார்ட் ஸ்டாப்பில் நின்ற தம்பி ஜார்ஜ் ரைட்டுக்கு 1,400. அண்ணனைவிடத் தம்பிக்குக் கூடுதல் என்றால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் அல்லவா? யார் எத்தனை மதிப்புள்ளவர் என்று அளக்கும் கோல் தேவைப்பட்டது.

முதலில் கையில் இருந்தது ஆட்டத்துக்கு எத்தனை ரன் என்ற கிரிக்கெட் பாணிச் சராசரி. அது பேஸ்பாலுக்குச் சரிப்படவில்லை. ஒருவர் அருமையாக அடித்து மூன்றாவது பேஸ் வரை போயிருப்பார். பின்னால் வந்தவர்கள் சொதப்பினால் அவர் பெயரில் ரன்னே ஏறாது. வரிசையில் முதலில் வருபவருக்கு வாய்ப்பும் அதிகம். 1870களின் தொடக்கத்தில் எச். ஏ. டாப்சன் என்பவர், ஆட்டத்தால் வகுக்காமல் மட்டையோடு வந்த முறைகளால், அடித்து பேஸ் சேர்ந்த ஹிட்டுகளை வகுப்போம் என்று யோசனை சொன்னார். 1876இல் நேஷனல் லீக் தொடங்கியபோது அதுவே பேட்டிங் சராசரியாக நிலைபெற்றது. நூறுக்கு முப்பது அடித்தால் 0.300. இன்றும் அதே கணக்கு.

சாட்விக்கிடம் ஒரு குறையும் இருந்தது, அதன் விலை பெரிது. பிட்சர் சரியாகப் போடாததால் ஒருவர் நடந்தே முதல் பேஸுக்குப் போவதை ‘வாக்’ என்பார்கள். அது பிட்சரின் தவறு, மட்டைக்காரருக்கு அதில் என்ன பெருமை என்பது அவர் கட்சி. 1887இல் ஒரே ஓர் ஆண்டு வாக்கையும் ஹிட்டாக எண்ணிப் பார்த்தார்கள். சராசரிகள் கண்டபடி ஏறியதால் மறு ஆண்டே கைவிட்டார்கள். கெட்ட பந்தைத் தொடாமல் விடுவதும் ஒரு திறமை என்பதை பேட்டிங் சராசரி அதன் பிறகு கண்டுகொள்ளவே இல்லை. கான்சாஸில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டு பில் ஜேம்ஸ் என்பவர் 1977இல் தன் கையாலேயே ஒரு கணக்குப் புத்தகம் போட்டு விற்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பிடி மெல்லத் தளர்ந்தது.

எழுதுபவர் மனிதர் என்பதால் கணக்கில் மனித குணமும் ஏறும். 1910இல் பெரிய லீக்குகளில் அதிகச் சராசரி எடுப்பவருக்குச் சால்மர்ஸ் கம்பெனி ஒரு கார் தருவதாக அறிவித்தது. டெட்ராய்ட்டின் டை கோப் முன்னணியில் இருந்தார். கடைசி இரண்டு ஆட்டங்களில் ஆடாமல் உட்கார்ந்துகொண்டார். அடுத்த இடத்தில் கிளீவ்லாந்தின் நாப் லாஜவே. கோப் என்றால் பலருக்கும் பிடிக்காது. அக்டோபர் 9ஆம் தேதி செயின்ட் லூயிஸில் லாஜவேக்கு இரண்டு ஆட்டங்கள். எதிரணி மேனேஜர் தன் இளம் மூன்றாவது பேஸ்காரரை வெகுதூரம் பின்னால் போய் நிற்கச் சொன்னார். லாஜவே பெரும்பாலும் மெல்லத் தட்டித் தட்டி ஓடி, அன்று எட்டு ஹிட் எடுத்தார். ஒன்பதாவதாக ஒன்றை ஹிட் என்று மாற்றி எழுதினால் புது சூட் தருவதாக ஸ்கோரருக்கு ஒரு சீட்டும் போயிற்று. ஸ்கோரர் மாற்றவில்லை. அந்தப் பென்சிலுக்கு என் வணக்கம்.

இருவரும் ஆடிய அமெரிக்கன் லீகின் தலைவர் பான் ஜான்சன் கணக்கைக் கூட்டிப் பார்த்து, கோப் 0.385, லாஜவே 0.384 என்றார். கார் கம்பெனி இருவருக்கும் காரைக் கொடுத்தது. கதை முடியவில்லை. எழுபது ஆண்டு கழித்து, லீகின் பழைய பேரேட்டை வரி வரியாகப் பார்த்த பீட் பால்மர் என்ற ஆய்வாளர், கோப்பின் ஓர் ஆட்டம் இரண்டு முறை ஏறியிருப்பதைக் கண்டார். மூன்று வாய்ப்பில் இரண்டு ஹிட். அதைக் கழித்தால் கோப் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறார். 1981இல் செய்தி வெளியானது. ஆணையர் பவி கூன் பட்டத்தை மாற்ற மறுத்துவிட்டார். கோப்பின் வாழ்நாள் ஹிட் 4,191 என்று வைத்துக்கொண்டுதான் 1985இல் பீட் ரோஸ் என்ற வீரர் 4,192 எடுத்து அதை முந்தியதைக் கொண்டாடினார்கள்.

இத்தனை துல்லியத்துக்கு நடுவே ஒரு பெரிய வெற்றிடம் இருந்தது. 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் நுழையும்வரை, பல பத்தாண்டுகளாகக் கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகள் சேர்க்கவில்லை. அவர்கள் தங்களுக்கென்று லீக்குகள் நடத்தினார்கள். அக்கால வழக்கில் நீக்ரோ லீக் என்று பெயர். பஸ்ஸிலேயே தூங்கி, ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோர் வெள்ளையர் ஏடுகளில் வருவது அரிது. சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் கிடைத்ததை அச்சிட்டன. ஆர்வலர்கள் அந்தப் பழைய பக்கங்களை மைக்ரோஃபிலிமில் தேடித் தேடி, கட்டம் கட்டமாகச் சேர்த்தார்கள். கூட்டிச் சரிபார்த்தார்கள். கிடைக்காதவை இன்னும் உண்டு, தேடல் நிற்கவில்லை.

2024 மே மாதம் மேஜர் லீக் பேஸ்பால் 1920 முதல் 1948 வரையிலான அந்தக் கணக்குகளைத் தன் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்தது. 2,300க்கும் மேற்பட்ட வீரர்கள் உள்ளே வந்தார்கள். வாழ்நாள் சராசரியில் 0.367 என்று உச்சியில் இருந்த கோப் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தார். முதல் இடம் 0.372 எடுத்த ஜோஷ் கிப்சனுக்கு. ராபின்சன் களமிறங்கச் சில மாதங்களுக்கு முன், 35 வயதில் இறந்துபோனவர் அவர்.

அந்த ஏட்டில் வில்லி மேஸ் என்ற வீரரின் பெயரில் பத்து ஹிட்டுகள் கூடின. 1948இல், பதினேழு வயதில், பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணிக்காக அவர் அடித்தவை. 3,283 என்று இருந்தது 3,293 ஆயிற்று. மேஸ் அப்போது உயிரோடு இருந்தார், வயது 93. மூன்று வாரம் கழித்து, ஜூன் 18ஆம் தேதி காலமானார்.