குருதித் தடத்தில் மூளையை அறிதல்

விடியுமுன் பாசிர் ரிஸ் அடுக்குமாடிகளின் கீழ் நின்று அண்ணாந்து நோக்குவோர், ஒவ்வொரு சன்னலாக விளக்கு எரியக் காண்பர். வீட்டார் விழித்துவிட்டனர் என்பது புலனாகும். ஆயினும் உள்ளே மாணவன் பாடம் படிக்கின்றானா, தாய் தோசை வார்க்கின்றாளா என்பதை அவ்வொளி சொல்லாது. மூளையைப் படமெடுக்கும் கலையின் வரலாறும் இத்தகைய ஒளிக்குப் பொருள் காண முயன்ற வரலாறே ஆகும்.

உழைக்கும் மூளைப்பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாயும் என்று 1890 இல் கேம்பிரிட்ஜில் ராய், ஷெரிங்டன் என்னும் இருவர் எழுதினர். உயிர்வளியை இழந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பதை 1936 இல் பாலிங்கும் கோரியலும் கண்டனர். இவ்விரண்டு செய்திகளும் கைகோக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1990 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், ஜப்பானியரான செய்ஜி ஒகாவா எலியின் மூளையைப் படமெடுத்தபோது, குருதியின் உயிர்வளி அளவு மாறுந்தோறும் படமும் மாறக் கண்டார். 1992 இல் மனித மூளைக்கும் அம்முறை வந்தது.

ஆனால் ஓர் இடர்ப்பாடு. நரம்பணு இயங்குவது நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறு என்னும் அளவில். குருதியின் மாற்றமோ ஐந்தாறு நொடி கழித்தே உச்சத்தை எட்டும். படத்தில் தெரிவது நினைப்பன்று, நினைப்பின்பின் வரும் குருதி. இடைவெளியைக் கடக்கக் கணிதம் தேவைப்பட்டது. சிறு சிரைகள் பலூனைப்போல் விரிந்து சுருங்குவதாகக் கொண்டு, உட்புகும் குருதிக்கும் வெளியேறும் குருதிக்கும் கணக்கு வகுத்தார் பக்ஸ்டன். 1998 இல் வெளிவந்த அம்மாதிரி இன்றும் பயன்படுகின்றது.

மறு ஆண்டிலேயே சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த மைக்கேல் சீயும் குழுவினரும் இருமொழியாளரின் மூளையை ஆராய்ந்து வெளியிட்டனர். ஆறு வயதுக்கு முன் சீனமும் ஆங்கிலமும் கற்றவர்க்கும், இரண்டாம் மொழியைப் பன்னிரண்டு வயதுக்குப்பின் கற்றவர்க்கும், சொற்களை நினைக்கையில் இரு மொழிக்கும் பெரும்பாலும் ஒரே பகுதிகள் ஒளிர்ந்தன. தாய்மொழி ஆங்கிலத்தின் இடத்தைப் பறித்துக்கொள்ளுமோ என அஞ்சும் பெற்றோர்க்கு இது ஆறுதலாகத் தோன்றும். எனினும் ஒரே சன்னல் ஒளிர்வதால் உள்ளே ஒரே வேலைதான் நடக்கின்றது எனல் ஆகாது. ஆறுதலுக்காகவேனும் படத்தை மிகைபடப் படித்தல் தகாது. அவ்வாய்வில் தமிழ் இடம்பெறவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

விடையை மட்டும் கண்டு மாணவன் கணக்கைச் செய்த வழியை ஊகிக்கும் ஆசிரியர் நிலையே ஆய்வாளர் நிலையும். 2019 இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் இயோவும் பெங் வாங்கும் பிறரும் இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தனர். மூளைப்புறணியை 68 பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றின் நரம்பியக்கத்தையும் சமன்பாடுகளால் கணித்து, அதனைப் பலூன் மாதிரிவழிச் செலுத்திக் கிடைத்ததை உண்மைப் படத்தோடு ஒப்பிட்டனர். பொருந்துமளவும் எண்களைத் திருத்தினர். எல்லாப் பகுதிகளும் ஒரே தன்மையன என்று கொண்ட பழைய கணக்கைவிட, வேறுபாட்டுக்கு இடந்தந்த இக்கணக்கே நன்கு பொருந்தியது. காண்டலுக்கும் கேட்டலுக்கும் கையசைவுக்கும் உரிய பகுதிகள் தமக்குள் வலிய மீள்தொடர்பு உடையனவாகவும், பழையதை நினைந்து அசைபோடும் பகுதிகள் அத்தொடர்பு மெலிந்தனவாகவும் வெளிப்பட்டன.